மறு: மறு: ‘கேம் யூஸ்டு’க்கு ‘பயன்படுத்திய’னு போட்டா போதாதா?

> ‘பயன்படுத்திய மட்டை’னு எழுதிட்டுப் போகலாமே, இதுக்குப் போய் ஏன் இவ்ளோ இழுக்கறீங்க?

ஐயா, அங்கதான் இடிக்குது. ‘கேம் யூஸ்டு’ன்னா பேஸ்பால் வீரர் நெஜ ஆட்டத்துல பயன்படுத்தி, பின்னால ஏலத்துக்கு வர்ற மட்டை, சட்டை, பந்து, அதுக்குத்தான் நம்ம பட்டியலுக்குத் தமிழ்ச் சொல்லு தேடறோம். பயன்படுத்திய கார், பயன்படுத்திய போன்னு சொன்னாலே நம்மாளு பாதி விலைக்குக் கேப்பான், பேஸ்பால் ஏலத்துல அப்படியே தலைகீழ், சட்டையில மண்ணு கறை, மட்டையில பந்து பட்ட தடம், கைப்பிடியில தேய்ச்ச தார்ப்பிசின் எல்லாம் இருந்தாதான் மதிப்பு, எவனாச்சும் பாசமா துவைச்சு இஸ்திரி போட்டு வெச்சிருந்தா காசு போச்சு.

இன்னொன்னு, சட்டையிலயே மூணு ரகம் இருக்கு. கடையில ரசிகர்களுக்கு விக்கறது ஒண்ணு, அணி அந்த வீரருக்குன்னே தைச்சுக் கொடுத்து அவர் போடாமலே கிடந்தது ஒண்ணு, நெஜமாவே போட்டு ஆடினது ஒண்ணு. ரெண்டாவதை மூணாவதுன்னு சொல்லி தலையில கட்டறதுதான் இந்தத் தொழில்ல பெரிய தில்லுமுல்லு. அதனால நம்ம சொல்லு இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டியே ஆகணும்.

என் ஓட்டு ‘களம்கண்ட’வுக்கு. களம்கண்ட மட்டை, களம்கண்ட சட்டை. அணி கொடுத்து ஆடாம கிடந்ததுக்கு ‘களம்காணா’. தயவுசெஞ்சு புணர்ச்சி இலக்கணம் பார்த்து ‘களங்கண்ட’னு ஆக்கிடாதீங்க, களங்கம்னு காதுல விழுது. மைதான மண்ணைக்கூட சான்று ஒட்டி விக்கறாங்க, அதை மட்டும் களம்கண்ட மண்ணுன்னு சொல்ல முடியாது, அது களமேதான்.

> ‘ஆடுபொருள்’ சின்னதா அழகா இருக்கே?

மட்டையா ஆடுச்சு? அதோட எனக்குக் கறிக்கடை ஞாபகம் வருது, மன்னிக்கணும்.

> விலையை ஏத்தறது ஆதாரம்தானே, அதுக்கு என்ன சொல்லு?

இதுதான் கேள்வி. பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத் 1932 அக்டோபர் 1ல சிகாகோ ரிக்லி ஃபீல்டு மைதானத்துல, உலகத் தொடர்னு சொல்ற சாம்பியன்ஷிப் இறுதித் தொடரோட மூணாவது ஆட்டத்துல, கையை நீட்டிக் காட்டிட்டு அடுத்து ஹோம் ரன், அதாவது கிரிக்கெட் சிக்சர் மாதிரி வேலியைத் தாண்டற அடி, அடிச்சார்னு ஒரு கதை இருக்கே (காட்டினாரா இல்லையான்னு இன்னும் சண்டை ஓயல), அன்னைக்குப் போட்ட சட்டை 2005ல 9 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போச்சு, அதே சட்டை 2024 ஆகஸ்ட்ல ஹெரிடேஜ் ஏலத்துல 2 கோடியே 41 லட்சம் டாலர். சந்தையே ஏறிப்போச்சுங்கறது வாஸ்தவம்தான், ஆனா அந்தப் பழைய போட்டோக்களையும் சட்டையையும் பக்கத்துல வெச்சு எழுத்து உக்காந்திருக்கற இடம், தையல், பட்டன் எல்லாம் ஒத்துப் பார்த்து, இது அதேதான்னு சான்று கொடுத்திருந்தாங்க, அது இல்லாம யாரும் இவ்ளோ தூரம் கேக்க மாட்டாங்க. இதுக்கு ‘படப்பொருத்தம்’னு வெச்சுக்கலாம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கற ஊருக்கு விளக்கமே வேண்டாம்.

2001ல இருந்து அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கே ஆட்டத்துக்கு ஆட்டம் ஆள் போட்டு, பெரும்பாலும் போலீஸ்ல வேலை பார்த்தவங்க, கண்ணால பார்த்த பொருளுக்கு மட்டும் நம்பர் போட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டறாங்க. கையெழுத்து மோசடியை எஃப்.பி.ஐ. பிடிச்ச பிறகு வந்த ஏற்பாடு இது. இதை ‘களச்சான்று’ன்னு சொல்லலாம்.

---

மறு: மறு: மறு:

சட்டைக்கு சரிதான் அண்ணா, பந்துக்கு உதைக்குது. ஒரே ஆட்டத்துல டஜன் டஜனா பந்து மாத்தறாங்க, எல்லாமே களம்கண்டதுதான், ஆனா ஜப்பான் வீரர் ஓட்டானி 2024ல ஒரே சீசன்ல 50 ஹோம் ரன், 50 தளத் திருட்டு (பந்து வீசறவர் அசந்த நேரத்துல அடுத்த தளத்துக்கு ஓடிப் பிடிக்கறது)னு தொட்டப்போ அடிச்ச பந்து மட்டும் 43 லட்சத்து 92 ஆயிரம் டாலர், வாங்கினது தைவான் கம்பெனி. அந்த விலை பந்து களத்துக்கு வந்ததுக்கு இல்லையே, அந்த ஒரு அடிக்குத்தானே?

---

மறு: மறு: மறு: மறு:

ஒத்துக்கறேன், அது தனி வகை, ‘சாதனைப் பந்து’ன்னே வெச்சிடலாம், புதுசா எதையும் தைக்க வேண்டாம். ஸ்டாண்டுக்குள்ள போய் விழுந்து நாலு பேர் உருண்டு புரண்டா எது அசல்னு தெரியாதுன்னுதான் 2022ல ஆரன் ஜட்ஜ்ங்கற வீரர் ஒரே சீசன்ல 61, 62 ஹோம் ரன்னு நெருங்கினப்போ குறி போட்ட பந்தாவே இறக்கினாங்க. அந்த 62வது பந்துக்கு முதல்ல 30 லட்சம் டாலர் தரேன்னாங்க, பிடிச்சவர் வேண்டாம்னார், கடைசியில ஏலத்துல 15 லட்சம்தான். மார்க் மக்வயர் 1998 சீசன்ல அடிச்ச 70வது ஹோம் ரன் பந்து 1999ல 30 லட்சத்துக்குப் போச்சு, 2001ல பேரி பாண்ட்ஸ் 73 அடிச்சு அந்தச் சாதனையை உடைச்சிட்டார், அப்புறம் அதை யாரு சீண்டுவா? சட்டைக்கு இந்த ஆபத்து கொஞ்சம் கம்மி, இன்னொருத்தர் சாதனையை உடைச்சாலும் ரூத் போட்ட சட்டை ரூத் போட்டதுதான்.

ஒரு சின்ன விஷயம், பேப்பர்ல வர்ற தொகை பெரும்பாலும் ஏலக் கம்பெனி கமிஷனையும் சேர்த்தது, சுமார் 20 சதவீதம் மேல ஏறும். அதுக்கு ‘வாங்குவோர் கமிஷன்’ போதும், கமிஷன் தமிழ்தான் இப்போ.

களம்கண்ட, களம்காணா, படப்பொருத்தம், களச்சான்று, சாதனைப் பந்து, அஞ்சையும் பட்டியல்ல ஏத்தறேன். ‘களம்காணா’ பத்தி யாருக்காவது ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க.