மறு: பட்டைவண்டுக்கு 'இனக்கவர்ச்சி' சரிப்படுமா?

வணக்கம். மரப்பட்டையைத் துளைக்கும் பட்டைவண்டு தன் கூட்டத்தை வரவழைக்க விடும் வாடைக்கு, அதாவது ஃபெரோமோனுக்கு, தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சு இது. 'இனக்கவர்ச்சி' சரிப்படாது என்கிறேன், அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

> வேளாண் கையேடுகளில் 'இனக்கவர்ச்சிப் பொறி' என்று நிலைத்துவிட்டது. புதுச்சொல் எதற்கு?

அந்துப்பூச்சிக்கு அது நல்ல சொல்தான் சார். பெண் அந்தின் வாடையைப் பொறியில் வைத்தால் ஆண் அந்து மட்டும் வந்து விழும், இனக்கவர்ச்சி என்பதில் தப்பே இல்லை. பட்டைவண்டின் கதை வேறு.

ஐரோப்பாவில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களைக் கொல்லும் வண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு 5 மில்லிமீட்டர்தான். ஆண் முதலில் வந்து பட்டையைத் துளைத்து உள்ளே ஓர் அறை குடைகிறது, குடையக் குடைய அதன் குடலில் ஊறும் வாடை தூளோடு வெளியே பரவுகிறது. அதற்குப் பெண்கள் வரும், சரி. ஆண்களும் அல்லவா கூட்டமாக வருகின்றன! பெண்ணுக்குப் போட்டியாக இன்னொருவனை எவனாவது கூப்பிடுவானா? இது கூப்பிடுகிறது, ஏனென்றால் மரம் சும்மா விடாது. ஒன்றிரண்டு வண்டு துளைத்தால் பிசினைப் பீய்ச்சி அமுக்கிவிடும். ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் துளைத்தால்தான் பிசின் வற்றும், அவை சுமந்துவரும் பூஞ்சையும் உள்ளே இறங்கும், மரம் சாகும். குஞ்சு குட்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வட அமெரிக்க மலைப் பைன் வண்டில் பெண்தான் முன்னால் போகிறது. பைன் பிசினில் உள்ள பொருளையே உடம்புக்குள் மாற்றி வாடையாக விடுகிறது, அதற்கும் இருபாலும் வரும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களின் கடைசியில் தொடங்கி ஏறக்குறைய 18 மில்லியன் ஹெக்டர் காட்டைத் தாக்கியது இந்த வண்டுதான்.

அவ்வளவு தூரம் ஏன், இங்கே மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் காண்டாமிருக வண்டுக்கு மாட்டியிருக்கும் வாளிப் பொறியைக் கவிழ்த்துப் பாருங்கள். கொம்பு நீண்ட ஆணும் கிடக்கும், வால்பக்கம் செம்பட்டை மயிர் அடர்ந்த பெண்ணும் கிடக்கும். அதில் வைத்திருப்பது ஆண் வண்டின் வாடை. இதைப் போய் இனக்கவர்ச்சி என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், ஆண் எதற்கு வந்தது என்று கேட்கும், கேட்கத்தானே வேண்டும்?

> 'திரட்டுமணம்' எப்படி?

'திரட்டு' எனக்குப் பிடித்திருக்கிறது. 'மணம்' வேண்டாம். மரம் நிறைந்ததும் இனி இடமில்லை என்று வண்டுகளைத் திருப்பிவிடும் வாடை ஒன்று உண்டே, வெர்பினோன், அதற்கு என்ன வைப்பீர்கள்? 'விலக்குமணம்' என்றால் வாசிக்கிறவர் கண்ணில் மணவிலக்குதான் படும், வண்டு கோர்ட்டுக்குப் போன மாதிரி. என் பரிந்துரை: திரட்டுவாடை, விலக்குவாடை.

ஆண் குடையும் அந்த அறைக்கு மட்டும் மணவறை என்றே சொல்லலாம். மணவறை ஊர் பார்க்க உட்காரும் இடம், இது மறைவிடம், ஆகவே பள்ளியறைதான் சரி என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான், ஆனால் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியறை என்றால் வகுப்பறை. அங்கே ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்களும் கூடி, பெண் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தாய்ச்சுரங்கம் தோண்டி முட்டையிடும் என்று பாடம் நடத்தினால் மறுநாள் பெற்றோர் வந்துவிடுவார்கள்.

பினாங்கிலிருந்து

---

வணக்கம் அண்ணே. மணவறைக்கு என் ஓட்டு. 'வாடை'தான் இடிக்கிறது, மீன்வாடை பிணவாடை என்றே பழகிவிட்டோம். மலாயிலும் ஃபெரோமோன் என்றே இருக்கிறது, பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனால் அதைத்தான் பார்க்கப் போகிறார்கள். 'திரட்டு ஃபெரோமோன்' போதாதா? 1959இல் கார்ல்சன், லூஷர் என்ற ஆய்வாளர்கள் அந்தச் சொல்லை உண்டாக்கியபோது, சுமந்து போய்த் தூண்டுவது என்றுதான் கிரேக்கத்தில் கோத்தார்கள், பால் பேச்சே அதில் இல்லை.

கோலாலம்பூரிலிருந்து

---

சரி டீச்சர், பாடநூலுக்குத் திரட்டு ஃபெரோமோன், விலக்கு ஃபெரோமோன். தோட்டத்தில் பேசும்போது நான் வாடை என்றே சொல்வேன், அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. விக்சனரி இணைய அகராதியில் இரண்டையும் ஏற்றிவிடுகிறேன்.

இன்னொன்று பாக்கி. மலைப் பைன் ஆண் வண்டு சுரங்க வாசலில் நின்று உடம்பை உரசிக் கிறீச்சென்று ஒலி எழுப்பும், உள்ளே இருக்கும் பெண்ணுக்கு வந்திருப்பது யார் என்று தெரிய. 'உரசொலி' என்று குறித்து வைத்திருக்கிறேன். சில்வண்டுச் சத்தத்துக்கு அது ஒத்துவராது, அந்தச் சத்தம் உரசி வருவதில்லை. இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?