உவர்நீர்த் தொட்டிக்கு மளிகைக்கடைக் கல் உப்பு போதுமா?

உப்பளத்தான்:
இறாலும் நத்தையும் வளர்க்க 20 லிட்டரில் உவர்நீர்த் தொட்டி (கடல்நீரை விட உப்பு குறைந்த தண்ணீர்) வைப்பது எப்படி என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். மணல், ஸ்பாஞ்ச் ஃபில்டர் எல்லாம் சரி. அப்புறம் ஒரு வரி: "மளிகைக்கடைக் கல் உப்பே போதும், மரைன் சால்ட் எல்லாம் காசு பிடுங்கும் வேலை." (மரைன் சால்ட் என்பது கடல்நீரில் உள்ள எல்லா உப்புகளும் கலந்து தொட்டிக்கென்றே விற்பது.) படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தூத்துக்குடி. அப்பா உப்பளத்தில் இருந்தவர். பாத்தியில் தண்ணீரின் அடர்த்தி 25 டிகிரி (வெப்பம் இல்லை, போமே அளவு) தொட்டதும் உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30 வந்ததும் மேலே நிற்கும் கசப்புத் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் அதோடு போய்விடும். கால்சியம் அதற்கு முன்பே ஜிப்சமாகப் படிந்துவிடும். கடையில் உங்கள் கைக்கு வருவது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. அதில் இறால் எப்படி வளரும்?

வேளச்சேரி வேலு:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். 14 மாதமாக என் தொட்டியில் கல் உப்புதான். நெரைட் நத்தை ஆறு, கழிமுகத்தில் பிடித்த கண்ணாடி இறால் ஒன்பது. ஒன்றுகூடச் சாகவில்லை. கண்ணாடி முழுக்க நத்தை முட்டை. கல் உப்பும் கடலில் இருந்துதானே வருகிறது?

உப்பளத்தான்:
எண்ணெய்கூட எள்ளில் இருந்துதான் வருகிறது. அதற்காக எண்ணெயில் புண்ணாக்கைத் தேடுவீர்களா? ஒரு லிட்டர் கடல்நீரில் உப்புகள் மொத்தம் சுமார் 35 கிராம். அதில் மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். உங்கள் கல் உப்பில் மெக்னீசியம் எவ்வளவு? நத்தை முட்டையைக் காட்டி ஏமாற்றாதீர்கள். நெரைட் நன்னீர்த் தொட்டியிலும்தான் முட்டை வைத்துத் தள்ளும். குஞ்சு எத்தனை?

புதுத்தொட்டி:
சார், 20 லிட்டருக்கு எத்தனை கிராம் போட வேண்டும்? யாராவது சொல்லுங்கள்.

வேளச்சேரி வேலு:
குஞ்சைப் பற்றி யார் பேசியது? உயிரோடு இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. 14 மாதம்.

நத்தைப்பிரியை:
கல் உப்பு பரவாயில்லை. தூள் உப்புதான் ஆகாது. அதில் இருக்கும் அயோடின் இறாலைக் கொன்றுவிடும்.

உப்பளத்தான்:
அயோடின் கடல்நீரிலேயே இருக்கிறது அக்கா. தூள் உப்பில் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான் சேர்க்கிறார்கள். அதில் இறால் சாகாது. நான் கேட்பது மெக்னீசியம்.

நத்தைப்பிரியை:
நான் உங்களுக்கு அக்காவா? உங்கள் வயது தெரியாது, ஆனால் நான் எட்டு வருடமாக நத்தை வளர்க்கிறேன். சொல்வதை மரியாதையாகச் சொல்லலாம்.

கொளத்தூர் குமார்:
சண்டை எதற்கு? மரைன் சால்ட் லூசிலேயே கிடைக்கிறது. 20 லிட்டருக்கு ஒரு கிலோ வாங்கினால் மூன்று தடவைக்கு வரும்.

வேளச்சேரி வேலு:
வந்துவிட்டார் கடைக்காரர். போன தீபாவளிக்கு இன்னொரு தொட்டிக்கு உங்களிடம் வாங்கிய 20 இறாலில் 13 மூன்றாம் நாளே போய்விட்டன. அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கொளத்தூர் குமார்:
கவரைப் பிரித்து நேரே தொட்டியில் கவிழ்த்ததாக நீங்களே போனில் சொன்னீர்கள். ஏர் டியூப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலக்கச் சொல்லித்தான் கொடுத்தேன். பழி என் மேல்.

நாகை பண்ணை:
வனாமி இறாலைப் பண்ணைகளில் வளர்க்க 2009ல் நம் நாட்டில் அனுமதி கிடைத்த பிறகு நாங்களும் குளம் வெட்டினோம். போர் தண்ணீர், மீட்டரில் உப்பு சரியாகக் காட்டியது. ஆனாலும் ஓடு மாற்றும் சமயத்தில் இறால் சுருண்டு அடியில் கிடக்கும். கடல்நீரில் சோடியம் 28 பங்குக்குப் பொட்டாசியம் ஒரு பங்கு. எங்கள் தண்ணீரில் பொட்டாசியம் அந்த அளவை எட்டவே இல்லை. பொட்டாஷ் (பொட்டாசிய உப்பு) போட்ட பிறகுதான் சாவு குறைந்தது. மீட்டரில் உப்பு காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம்.

உப்பளத்தான்:
கேட்டீர்களா வேலு? பண்ணைக்காரரே சொல்கிறார். உங்கள் தொட்டி ஏன் தப்பியது என்று நான் சொல்கிறேன். நீங்கள் ஊற்றுவது போர் தண்ணீராக இருக்கும். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கடினத் தண்ணீரில் இருந்த கால்சியமும் மெக்னீசியமும்தான் உங்கள் இறாலைக் காப்பாற்றியிருக்கின்றன. கல் உப்பு காப்பாற்றவில்லை.

வேளச்சேரி வேலு:
ஆக, போர் தண்ணீர் இருந்தால் கல் உப்பு போதும் என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

உப்பளத்தான்:
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? பொட்டாசியம் எங்கிருந்து வரும்? தாதுக்கள் வடிகட்டப்பட்ட ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறவர் உங்கள் பேச்சைக் கேட்டால் என்ன ஆகும்? இன்னொன்றும் இருக்கிறது. "குறைந்த தண்ணீருக்கு உப்பு கலந்து ஊற்றவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். மே மாத வெயிலில் ஒரு மாதம் அப்படி ஊற்றினால் தொட்டியே உப்பளம் ஆகிவிடும். நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

வேளச்சேரி வேலு:
அது அவசரத்தில் எழுதியது. நான் ஊற்றுவது நல்ல தண்ணீர்தான். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆளையே மட்டம் தட்டுவது உங்களுக்கு வழக்கம். மீன்தொட்டி லைட் பற்றி நான் எழுதியபோதும் இதையேதான் செய்தீர்கள்.

நத்தைப்பிரியை:
அப்போதும் இதே தொனிதான். எனக்கும் நினைவிருக்கிறது.

புதுத்தொட்டி:
எத்தனை கிராம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஒரு கிலோ கல் உப்பு வாங்கி வைத்துவிட்டேன்.

கொளத்தூர் குமார்:
லிட்டருக்கு 15 கிராம் என்றால் 300 கிராம் தம்பி. ஹைட்ரோமீட்டரில் (தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் கருவி) 1.010 பக்கம் வரட்டும். பக்கெட்டில் கரைத்து ஒரு நாள் ஏர் விட்டு ஊற்றுங்கள். உயிர் எதையும் இப்போதே விட வேண்டாம், ஃபில்டரில் கழிவை மாற்றும் பாக்டீரியா ஏற ஒரு மாதமாவது ஆகட்டும்.

உப்பளத்தான்:
300 கிராம் மரைன் சால்ட் என்று முழுதாகச் சொல்லுங்கள் குமார். தம்பி, அந்தக் கல் உப்பைச் சமையலறையில் கொடுத்துவிடுங்கள்.

வேளச்சேரி வேலு:
தம்பி, கொடுக்க வேண்டாம். அதையே போடுங்கள். நாளைக்கு என் தொட்டிப் படம் போடுகிறேன், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உப்பளத்தான்:
படத்தில் மெக்னீசியம் தெரியாது. டெஸ்ட் கிட்டில் வந்த எண்ணைப் போடுங்கள்.

வேளச்சேரி வேலு:
14 மாதம். அதுதான் எண்.