1080பி கிளிப்கள் டைம்லைனில் திக்கித் திக்கி ஓடுகின்றன, ராம் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி:
பிரீமியர் புரோ (வீடியோ எடிட்டிங் மென்பொருள்), 1080பி, நொடிக்கு 50 ஃபிரேம் சீக்வென்ஸ். கேமரா கிளிப்கள் எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10-பிட், 4:2:2 (நிறத் தகவல் எவ்வளவு பதிவாகிறது என்பதன் அளவுகள்). கூடவே மொபைலில் எடுத்த சில துண்டுகள். ஒரே லேயர் என்றால் ஓரளவு ஓடுகிறது. இரண்டாவது லேயர் போட்டதும் திக்குகிறது, பின்னோக்கி ஓட்டினால் அப்படியே நின்றுவிடுகிறது. அதே ஃபைல் விஎல்சி பிளேயரில் வழுக்கிக்கொண்டு போகிறது! ஆர்டிஎக்ஸ் 3060, 6 கோர் சிபியு, 16 ஜிபி ராம், யூஎஸ்பி 3 வெளி டிஸ்க். பிளேபேக் ரெசல்யூஷனை 1/4-க்கு இறக்கியும் பெரிய பலன் இல்லை.

பதில் 1:
ராமுக்குக் காசு போடாதீங்க. கிளிப் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் ஜிபியுவுக்குக் கீழே "வீடியோ டிகோட்" (சுருக்கிய வீடியோவை அவிழ்க்கும் வேலை) கோட்டைப் பாருங்க. அது பூஜ்யத்தில் கிடக்க, சிபியு 90 சதவீதத்தைத் தொட்டால் காரணம் அங்கேயே இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 30 வரிசை கார்டுகளில் எச்.264-க்கு 8-பிட் 4:2:0 மட்டும்தான் ஹார்டுவேர் டிகோட் உண்டு. 10-பிட் 4:2:2 வந்தால் மொத்த பாரமும் சிபியு தலையில். என்விடியாவில் 4:2:2 ஆதரவு ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது.

விஎல்சியோடு ஒப்பிட வேண்டாம். அது ஒரே ஒரு ஃபைலை முன்னோக்கி மட்டும் ஓட்டுகிறது. எச்.264-இல் சில ஃபிரேம்கள்தான் முழுப் படம்; மற்றவை அக்கம்பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. பின்னோக்கி ஒரு ஃபிரேம் நகர்ந்தாலும் முந்தைய முழுப் படத்துக்குப் போய், அங்கிருந்து வரிசையாக அவிழ்த்துக்கொண்டு வரவேண்டும். 1/4 ரெசல்யூஷன் பலிக்காததும் இதனால்தான்: முழு ஃபிரேமையும் டிகோட் பண்ணிய பிறகுதான் சுருக்க முடியும். எஃபெக்ட் வேலை குறையும், டிகோட் வேலை குறையாது.

பதில் 2:
டிஸ்க்கையும் விட்டுடுங்க. கேமரா கிளிப் 100 மெகாபிட்டாக இருந்தாலும் நொடிக்கு 12.5 எம்பிதான், இரண்டு லேயருக்கு 25. ஃபைல் சின்னதாக இருப்பதே இங்கே வினை, அவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறது.

தீர்வு ப்ராக்ஸி, அதாவது எடிட் பண்ண மட்டும் பயன்படும் லேசான நகல். கிளிப்கள் இருக்கும் பின்னில் (bin, பிரீமியரின் கோப்புறை) அவற்றைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், ப்ராக்ஸி, கிரியேட் ப்ராக்ஸீஸ். ஃபார்மட் குவிக்டைம், கோடெக் புரோரெஸ் 422 ப்ராக்ஸி, அளவு 1280x720. 50 ஃபிரேமில் இது சுமார் 38 மெகாபிட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபி. புரோரெஸில் ஒவ்வொரு ஃபிரேமும் தனி என்பதால் பின்னோக்கி ஓட்டினாலும் திணறாது. பிறகு புரோகிராம் மானிட்டரின் பட்டன் எடிட்டரைத் திறந்து "டாகிள் ப்ராக்ஸீஸ்" பட்டனை இழுத்து வைத்துக்கொள்ளுங்க. அது நீலமாக இருந்தால்தான் ப்ராக்ஸி ஓடுகிறது. எக்ஸ்போர்ட்டில் "யூஸ் ப்ராக்ஸீஸ்" டிக் இல்லாதவரை ஒரிஜினல்தான் போகும். ப்ராக்ஸியை வெளியே வேறு மென்பொருளில் செய்து இணைப்பதாக இருந்தால் ஃபிரேம் ரேட்டும் ஆடியோ சேனல் எண்ணிக்கையும் ஒரிஜினலோடு ஒத்திருக்க வேண்டும்.

பதில் 3:
மொபைல் துண்டுகளை யாரும் தொடவில்லையே? மீடியாஇன்ஃபோவில் (ஃபைல் விவரம் காட்டும் மென்பொருள்) திறந்து "ஃபிரேம் ரேட் மோட்" பாருங்க. வேரியபிள் (ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருப்பது) என்றிருந்தால் ப்ராக்ஸிக்கு முன்பே ஹேண்ட்பிரேக்கில் (வீடியோவை மாற்றும் மென்பொருள்) போட்டு, வீடியோ பக்கத்தில் ஃபிரேம் ரேட்டைக் குறிப்பிட்டு, "கான்ஸ்டன்ட்" தேர்ந்தெடுத்து மாற்றிவிடுங்க. ஹேண்ட்பிரேக்கின் தர எண்ணான ஆர்எஃப் 16 முதல் 18 போதும். இதைச் செய்யாவிட்டால் படம் குதிப்பதோடு, நேரம் போகப்போக உதடும் பேச்சும் பிரிந்துவிடும். எடிட் முடிந்த பிறகு மாற்றினால் வெட்டிய இடமெல்லாம் நகர்ந்துவிடலாம், அதனால் இதுதான் முதல் வேலை.

கேட்டவர்:
டிகோட் கோடு பூஜ்யம், சிபியு 96. ப்ராக்ஸி போட்டதும் இரண்டு லேயரும் சீராக ஓடுகின்றன. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்ட ஒரு ஷாட்டில் மட்டும் இன்னும் திக்கல். டைம்லைனுக்கு மேலே சிவப்புக் கோடு.

பதில் 1:
அது டிகோட் சிக்கல் இல்லை, எஃபெக்டின் பாரம். முதலில் புராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரர் "ஜிபியு ஆக்சலரேஷன்" என்று இருக்கிறதா பாருங்க. "சாஃப்ட்வேர் ஒன்லி"யில் இருந்தால் லேசான எஃபெக்டுக்குக்கூடச் சிவப்பு வரும். அது சரியாக இருந்தால் அந்த ஷாட்டுக்கு இன், அவுட் குறித்து சீக்வென்ஸ் மெனுவில் "ரெண்டர் இன் டு அவுட்" (அந்தப் பகுதியை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது) கொடுங்க. கோடு பச்சையாகிவிடும். ஆனால் அந்த ஷாட்டில் எதை மாற்றினாலும் மறுபடி சிவப்பாகும். ஆகவே நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்து வைத்து வெட்டு வேலையை முடியுங்க, கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.