ஹெட்லைட் எரியவில்லையா? லிந்தாங் சாலையில் ஓட்டுபவர்களின் அனுபவம்

தோட்டத்துப் பையன்:

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கம் இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும். டவுனைத் தாண்டி தோட்டத்துக்குள் திரும்பினால் ஒரே இருட்டு. மாடு சாலையிலேயே படுத்திருக்கும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி எதிரே வரும். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறேன். அப்படியிருக்க, என் வண்டியின் இடது ஹெட்லைட் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் அணைந்தே போனது.

ஒரு பட்டறையில் பல்பை மாற்றினார்கள். சில நாள் எரிந்தது, அப்புறம் மறுபடியும் மங்கியது. திரும்பப் போனால், "ஹெட்லைட்டையே மொத்தமாக மாற்றணும்" என்றார்கள். வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுக்காமலே சொன்னதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே பார்த்தேன்.

முதல் வேலையாக இடது பல்பை வலப்பக்கம் போட்டேன், வலது பல்பை இடப்பக்கம் போட்டேன். வீரா, கஞ்சில் மாதிரி பழைய வண்டிகளில் இருக்கும் அதே எச்4 பல்புதான், மூன்று முனை கொண்டது. (கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கையின் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.) மாற்றிப் போட்ட பிறகும் இடப்பக்கம்தான் மங்கலாக எரிந்தது. ஆக, பல்பு நல்ல பல்பு. ஃபியூஸும் சரியாக இருந்தது.

அடுத்து நான் பார்த்ததை எல்லோரும் கவனிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் ஒழுங்காகக் காட்டியது. பல்பை மாட்டி, விளக்கைப் போட்டுவிட்டு, சாக்கெட்டின் பின்பக்கத்திலிருந்து அளந்தால் அந்த வோல்ட்டைக் காணோம். மின்சாரம் ஓடாத வரை கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பு போலவே காட்டும். ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். பேட்டரியின் நெகட்டிவில் மீட்டரின் ஒரு முனையையும், பல்பின் எர்த் முனையில் (மின்சாரம் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் முனை) இன்னொன்றையும் வைத்தேன். விளக்கு போட்டிருக்கும்போது அங்கே 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எனக்கு 2 வோல்ட்டைத் தாண்டியது.

அந்த எர்த் வயர் ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. போல்ட்டைச் சுற்றிச் செம்மண்ணும் துருவும் அப்பிக் கிடந்தன. கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வயர் முனைக்குப் புது வளையம் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். அன்றிரவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம்.

இன்னொரு அறிகுறி முன்பே இருந்தது. இடது சிக்னல் போட்டால் அந்தப் பக்க ஹெட்லைட்டும் கூடவே துடிக்கும். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். உங்கள் வண்டியில் அப்படித் துடித்தால் பல்பு வாங்கக் கடைக்குப் போகாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

பழைய வயர்மேன்:

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 55 வாட் லோ பீம் (கிட்டே, கீழே அடிக்கும் வெளிச்சம்) 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். இணைப்பில் அரை ஓம் துரு இருந்தாலே ஏறக்குறைய 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 12க்குப் பதில் 10 வோல்ட் கிடைக்கிற ஹாலஜன் பல்பு பாதி வெளிச்சம்தான் தரும். கஸ்டமர் "கண்ணு மங்குது" என்று நினைத்துக்கொண்டு வருவார். அவர் கண் நன்றாகத்தான் இருக்கும்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் வழி வந்த சில கார்களில் எச்4 சாக்கெட்டின் பொது முனைக்கு (லோ, ஹை பீம் இரண்டுக்கும் சேர்ந்த முனை) மின்சாரம் நேராக வரும், எர்த் பக்கம்தான் சுவிட்ச் வழியாகப் போகும். அது தெரியாமல் டெஸ்ட் பென் (மின்சாரம் வருகிறதா என்று காட்டும் கருவி) வைத்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். நல்ல வயரை வெட்டிவிட்டுப் பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. உங்கள் வண்டிக்கான வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

எங்கள் வீட்டில் எலி செய்த வேலை, அண்ணே. கார் நிற்கிற இடத்துக்குப் பின்னாலேயே செம்பனை. எலிக்காகத் தோட்டத்தில் கூகைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் மழை நாளில் எலி சூடான இன்ஜின் பக்கம் வந்துவிடுகிறது. ஹை பீம் (தூரத்துக்கு அடிக்கும் வெளிச்சம்) மட்டும் இரண்டு பக்கமும் செத்துப்போனது. ஒரு வயர்மேன் போனட்டைத் திறந்து, டார்ச் அடித்து, வயர் கட்டு முழுவதையும் விரலாலேயே தடவி, கடித்த இடத்தைக் கண்டுபிடித்தார். வெறும் டேப் சுற்றினால் இன்ஜின் சூட்டில் கழன்றுவிடும் என்று ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டுக் கொடுத்தார். அவர் வாங்கியது நியாயமான கூலி. அப்படிப்பட்டவர்களைத்தான் நாம் நாலு பேருக்குச் சொல்லவேண்டும்.

எஸ்டேட் ரைடர்:

அங்கிள், சாலை இருட்டாக இருக்கிறதே என்று 100/90 வாட் பல்பு போடலாம் என்று பார்க்கிறேன். போடலாமா?

பழைய வயர்மேன்:

வேண்டாம் தம்பி. ஒரிஜினல் 60/55, அதாவது ஹை பீம் 60 வாட், லோ பீம் 55 வாட். ஹை பீமில் ஒரு பக்கத்துக்கு 5 ஆம்பியர் போகிற வயரில் 8க்கு மேல் ஓட்டுவீர்கள். முதலில் சாக்கெட் பழுப்பாகும், அப்புறம் உருகும். ஃபியூஸ் போகிறது என்று யாராவது பெரிய ஃபியூஸைப் போட்டுவிட்டால் வயரே எரியும். எதிரே வருகிற மோட்டார்காரனுக்கும் கண் கூசும், அவனும் நம்ம ஆள்தான். அதற்குப் பதில் ஹெட்லைட்டின் முன்மூடி மஞ்சளாகியிருக்கிறதா பாருங்கள். வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் மங்கிவிடும். தண்ணீர் தொட்டு நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே வெயில் தாங்கும் பூச்சு அடிக்கவேண்டும். பூச்சு அடிக்காவிட்டால் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும்.

எஸ்டேட் ரைடர்:

மஞ்சளாகத்தான் இருக்கிறது, அங்கிள். சாக்கெட்டும் ஒரு பக்கம் லேசாகப் பழுப்பு.

பழைய வயர்மேன்:

அப்படியென்றால் சாக்கெட் முதலில். பீங்கான் சாக்கெட் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும், வயர் தடிமன் பார்த்து வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.