கலைச்சொல் விவாதம்: ஸ்போர்ட்ஸ் காருக்கு ‘உயர்திறன் பதிப்பு’ பொருந்துமா?

காட்பாடியிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வாகனச் சொற்பட்டியலில் ஒரு சொல் இழுபறியாக நிற்கிறது. ஒரே ஸ்போர்ட்ஸ் காரைச் சாதாரண மாடலாகவும், பந்தயத்தடத்தில் ஓட்டத் தக்கதாக மாற்றிய இன்னொரு மாடலாகவும் விற்கிறார்கள். போர்ஷே 911 கரேராவுக்கு ஜிடி3, கார்வெட் ஸ்டிங்ரேக்கு இசட்06. இரண்டாவதற்கு ‘உயர்திறன் பதிப்பு’ என்று போட்டிருக்கிறோம். சரிதானா?

இராணிப்பேட்டையிலிருந்து:

> உயர்திறன் பதிப்பு

வேண்டாம் ஐயா. நம் பள்ளிப் பாடத்தில் திறன் என்றால் ஒரு நொடியில் செய்யப்படும் வேலை, அலகு வாட். குதிரைத்திறனில் வருவதும் அதே திறன்தான். ‘உயர்திறன்’ என்று படிக்கும் மாணவர் எஞ்சின் எத்தனை குதிரை என்றுதான் பார்ப்பார், மற்றதைப் பார்க்க மாட்டார். 911இன் 992 தலைமுறை முதலில் வந்தபோது ஜிடி3 510 குதிரைத்திறன், அதே 911இன் இன்னொரு மாடலான டர்போ எஸ் 650. ஆனாலும் பந்தயத்தடத்துக்கென்று செய்தது ஜிடி3தான்.

1963 கார்வெட்டில் இது இன்னும் துலக்கம். இசட்06 என்பது அன்று வெறும் ஆர்டர் எண். அதோடு வந்த 360 குதிரைத்திறன் எஞ்சினைச் சாதாரண கார்வெட்டிலும் வாங்கலாம். இசட்06 வாங்கியவருக்குக் கூடுதலாகக் கிடைத்தவை கனத்த பிரேக்கும் விறைப்பான சஸ்பென்ஷனும்.

உண்மையான வேறுபாடு வெப்பத்தில் இருக்கிறது. 1,400 கிலோ காரை 200 கிமீ வேகத்திலிருந்து 80க்குக் கொண்டுவந்தால் பிரேக்கில் சேரும் ஆற்றல் சுமார் 18 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 6 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். நெடுஞ்சாலையில் எப்போதாவது ஒருமுறை இப்படிப் பிடிப்போம், டிஸ்க் ஆறிவிடும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் 3.7 கிமீ, அங்கே சுற்றுக்குச் சுற்று பலமுறை பிடிக்கவேண்டும், ஆற நேரமில்லை. டாட் 4 என்ற தரத்திலுள்ள பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் அடிவரை போகும், கார் நிற்காது. ஜிடி3யின் முன் டிஸ்க் 408 மிமீ இருப்பதும், அதற்குக் காற்றுவழி தனியாக வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

எஞ்சின் எண்ணெய்க்கும் இதே கதைதான். வளைவில் நெடுநேரம் கடுமையாகத் திரும்பினால் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பிலுள்ள எண்ணெய் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், பேரிங் தேயும். அதனால் எண்ணெயை உறிஞ்சித் தனித் தொட்டியில் சேர்க்கும் ஏற்பாடு வைக்கிறார்கள்.

நம் ஊர்க்காரர் இன்னொன்றும் கணக்கில் எடுக்கவேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 100 டிகிரியில் இருக்க, வெளிக்காற்று 25 என்றால் வேறுபாடு 75. வேலூர் மே மாதத்து 42 டிகிரியில் வேறுபாடு 58 மட்டுமே. அதே ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்துவிடும்.

எஞ்சின் மாற்றத்தையும் நான் ஒதுக்கவில்லை. 2023 மாடலில் ஸ்டிங்ரேயின் எஞ்சின் 6.2 லிட்டர், இசட்06 5.5 லிட்டர்தான், ஆனால் நிமிடத்துக்கு 8,600 சுற்று வரை ஏறி 670 குதிரைத்திறன் தருகிறது. ஆக, சொல்லில் ‘தாங்கும் வலிமை’ தொனிக்கவேண்டும் என்பதே என் கோரிக்கை.

சத்துவாச்சாரியிலிருந்து:

‘பதிப்பு’ம் எனக்கு உறுத்துகிறது. அது நூலுக்குரியது. ‘களவகை’ என்று எழுதிப்பார்த்தேன். களவு என்று படிக்க இடமிருக்கிறது. ‘தடவகை’ நல்ல சொல்தான், ஆனால் பந்தயத்துக்கு மட்டுமேயான காரைக் குறித்துவிடும். இவை பதிவெண்ணோடு சாலையில் ஓடுபவை.

‘வல்வகை’ எப்படி? வல் என்ற அடியில் வலிமையும் உண்டு, வல்லவன் என்பதிலுள்ள தேர்ச்சியும் உண்டு. வல்வினை, வல்வில் ஓரி என்று நமக்குப் பழகிய புணர்ச்சிதான். சாதாரண மாடலை ‘இயல்வகை’ என்றால் இணையாக நிற்கும்: இயல்வகை, வல்வகை.

காட்பாடியிலிருந்து:

வல்வகை எனக்கு நிறைவு அம்மா. ஒரு ஐயம்: பம்பர், ஸ்டிக்கர், சக்கரம் மட்டும் மாற்றி, எழுத்து ஒன்றை ஒட்டி விற்பதும் வல்வகையா?

இராணிப்பேட்டையிலிருந்து:

கூடாது. அது ‘ஒப்பனை வகை’. பட்டியலில் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பழைய கார் வாங்குபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பிரித்தறிய ஒட்டிய எழுத்தைப் பார்க்கவேண்டாம். டிஸ்க்கின் விட்டத்தை அளக்கட்டும், கூலர் எத்தனை என்று எண்ணட்டும், சேஸி எண்ணைக் கொண்டு எந்த மாடல் என்று உறுதிசெய்யட்டும்.

காட்பாடியிலிருந்து:

நன்றி. பதிவு இப்படி: “வல்வகை: ஒரு காரின் இயல்வகையை அடியாகக் கொண்டு, தொடர்ந்த கடும் ஓட்டத்தைத் தாங்கும்படி பிரேக், குளிர்விப்பு, எண்ணெயோட்டம், சஸ்பென்ஷன் ஆகியவற்றையும், பெரும்பாலும் எஞ்சினையும் மாற்றிய மாடல்.” டர்போ எஸ்ஸை இதில் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபடலாம், வரையறையில் குதிரைத்திறன் வரவில்லை என்பதால் வழியை அடைக்கவில்லை.

அடுத்த சொல், அந்தத் தனித் தொட்டி ஏற்பாடு. ‘உலர் சம்ப்’ என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். சம்ப் உலர்ந்தே கிடப்பதில்லையே. வழியும் எண்ணெய் அதில்தான் விழுகிறது, தேங்குவதுதான் இல்லை. ‘தேங்காச் சம்ப்’ சரிவருமா?