பதிவு செய்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டுச் சேவையகத்திலிருந்து மேசைக் கணினியில் தடங்கலின்றிப் பார்ப்பது எப்படி?

வடலி (லண்டன்) கேட்டது:

வணக்கம். கூரை ஆன்டெனாவில் கிடைக்கும் ஃப்ரீவியூ என்ற இலவசத் தொலைக்காட்சி ஒளிபரப்பை டிவிஹெட்எண்ட் என்ற பதிவு மென்பொருள் மூலம் பதிவு செய்கிறேன். அது இயங்கும் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியிலேயே, காணொளிகளை வீட்டிலுள்ள பிற கருவிகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் சேவையகத்தையும் நிறுவியிருக்கிறேன். பதிவுகள் யூஎஸ்பி வன்தட்டில் டிஎஸ் (TS) கோப்புகளாகச் சேர்கின்றன. மாடியிலுள்ள மேசைக் கணினியின் உலாவியில் அவற்றைத் திறந்தால் படம் சில விநாடிகள் ஓடி நிற்கிறது. அந்த நேரத்தில் சேவையகத்தின் செயலி முழு அளவில் உழைக்கிறது. அதே கோப்பை விஎல்சி (VLC) என்ற காணொளி இயக்கியில் திறந்தால் தடங்கல் இல்லை. ஆனால் அசையும் உருவங்களின் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிகின்றன. நிகழ்ச்சியின் நடுப்பகுதிக்குத் தாவினால் வேறெங்கோ போய் நிற்கிறது. என் பெற்றோருக்குத் துணைத்தலைப்பு கட்டாயம் வேண்டும். வலிமையான சேவையகம் வாங்குவதுதான் வழியா?

அலைகோபுரம் மறுமொழி:

வாங்க வேண்டியதில்லை. உலாவியைக் கைவிட்டால் முதல் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஃப்ரீவியூவில் சாதாரணத் தர அலைவரிசைகள் எம்பெக்-2 காணொளியாகவும் எச்டி அலைவரிசைகள் எச்.264 காணொளியாகவும் வருகின்றன; இரண்டும் காணொளியைச் சுருக்கும் முறைகள். உலாவிகள் எம்பெக்-2 காணொளியை இயக்குவதில்லை. ஆகவே நீங்கள் அத்தகைய ஒரு பதிவைத் திறக்கும்போதெல்லாம் சேவையகம் அதை விரித்து, எச்.264 ஆக மீண்டும் சுருக்கி (மறுகுறியாக்கம் செய்து), துண்டு துண்டாக அனுப்பவேண்டியிருக்கிறது. பை 4-இல் எம்பெக்-2 காணொளியை விரிக்கும் வன்பொருள் வசதியும் இல்லாததால் அந்தச் சுமை செயலியின் தலையில் விழுகிறது. சும்மா இருக்கும் மேசைக் கணினி இதே வேலையைச் சிரமமில்லாமல் செய்யும். ஜெல்லிஃபினுக்கென உள்ள மேசைக் கணினி மென்பொருள் எம்பிவி (mpv) என்ற காணொளி இயக்கியைக் கொண்டு மூலக் கோப்பை அப்படியே வாங்கி இயக்குகிறது. கோடி (Kodi) என்ற ஊடக மென்பொருளை நிறுவி, டிவிஹெட்எண்டின் 9982ஆம் போர்ட்டுடன் (இணைப்பு வாயில்) இணைத்தாலும் போதும். இரண்டிலும் சேவையகம் கோப்பைப் படித்து அனுப்புவதோடு சரி.

கோடுகள் கோப்பின் பழுதல்ல. இந்த ஒளிபரப்பு பெரும்பாலும் விநாடிக்கு 50 பாதிப்படங்களாக வருகிறது. ஒன்றில் ஒற்றைப்படை வரிகளும் அடுத்ததில் இரட்டைப்படை வரிகளும் இருக்கும். விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டையும் கணினித் திரை ஒன்றாகக் காட்டும்போது, அசைந்த பொருள் இரண்டு இடங்களில் தெரிகிறது. விஎல்சியில் படம் ஓடும்போது டி (D) விசையை அழுத்தினால், இந்தக் கோடுகளைப் போக்கும் வரிப்பின்னல் நீக்கம் இயங்கும். முறைகளில் யாடிஃப் 2எக்ஸ் (Yadif 2x) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது ஒவ்வொரு பாதிப்படத்திலிருந்தும் ஒரு முழுப்படம் உருவாக்குவதால் காற்பந்து ஆட்டத்தின் ஓட்டம் குலையாது. எம்பிவியிலும் அதே விசைதான்.

வலையமைப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் எச்டி பதிவு ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிகாபைட் ஆகும்; நல்ல வைஃபை அதைத் தாங்கும். சிக்னல் தளரும் அறையாக இருந்தால், விஎல்சி முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைக்கும் அளவான வலையமைப்பு இடையகத்தை 1000 மில்லிவிநாடியிலிருந்து 3000 ஆக உயர்த்திப் பாருங்கள்.

மின்னோடை மறுமொழி:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். தாவும் சிக்கல் மட்டும் விடுபட்டிருக்கிறது. டிஎஸ் என்பது ஒளிபரப்புக்காக வகுக்கப்பட்ட வடிவம். 188 பைட் பொட்டலங்கள் தொடர்ந்து வருமே தவிர, நிகழ்ச்சி எவ்வளவு நீளம், எந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை அதில் கிடையாது. இயக்கி சராசரி வேகத்தை வைத்து ஊகிக்கிறது; ஒளிபரப்பின் வேகமோ காட்சிக்குக் காட்சி மாறும். போதாக்குறைக்கு, நேரக்குறி 33 பிட் எண்ணாக விநாடிக்கு 90,000 வீதம் ஏறுவதால் ஏறத்தாழ 26.5 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்புகிறது. அந்தத் தருணம் உங்கள் பதிவுக்குள் விழுந்தால் கால அளவே தவறாகத் தெரியலாம்.

எம்கேவி டூல்நிக்ஸ் (MKVToolNix) என்ற மென்பொருள் கொண்டு கோப்பை, அத்தகைய அட்டவணை உள்ள எம்கேவி (MKV) என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றுங்கள். மறுகுறியாக்கம் இல்லாததால் தரம் குறையாது, நேரமும் அதிகம் பிடிக்காது. எம்பி4 வேண்டாம்: ஃப்ரீவியூவின் துணைத்தலைப்புகள் எழுத்துகளாக அன்றிப் படங்களாக வருகின்றன, எம்கேவி அவற்றை அப்படியே ஏற்கும், எம்பி4 ஏற்காது. உங்கள் பெற்றோரை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன்.

வடலி:

இருவருக்கும் நன்றி. ஜெல்லிஃபினின் மேசைக் கணினி மென்பொருளில் படம் நிற்காமல் ஓடுகிறது. எம்கேவிக்கு மாற்றிய பதிவில் தாவுதலும் துணைத்தலைப்பும் சரியாக உள்ளன. இந்த மாற்றத்தைத் தானாக நடக்கச் செய்ய முடியுமா?

மின்னோடை:

முடியும். டிவிஹெட்எண்டின் பதிவு அமைப்பில், பதிவு முடிந்தபின் இயக்கவேண்டிய கட்டளையை எழுத ஓர் இடம் உண்டு. முடிந்த கோப்பின் பாதையை அதுவே உங்கள் நிரலுக்குத் தரும். எம்கேவி கோப்பை வேறொரு கோப்புறையில் எழுதச் செய்து, ஜெல்லிஃபினுக்கு அந்தக் கோப்புறையை மட்டும் காட்டுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு நிகழ்ச்சியும் இரண்டு முறை பட்டியலில் வரும். மூல டிஎஸ் கோப்பை நிரலே உடனே அழிக்க விடாதீர்கள். புதிய கோப்பு கடைசி வரை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, டிவிஹெட்எண்டின் பட்டியல் வழியாகவே நீக்குங்கள்.