பாதி ஜப்பான், பாதி உள்ளூர்: கற்றல் தோட்டத்துக்கு இது சரியா?

வேர்பிடி:
எங்கள் பொதுத் தோட்டத்தில், பிள்ளைகளும் பெரியவர்களும் செடிகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறோம். பாதி ஜப்பானியச் செடிகள், பாதி இந்த மண்ணுக்கே உரியவை. எனக்கு ரொம்பப் பிடித்த திட்டம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஜப்பானிலிருந்து குடியேறிய ஃபுஜிதாரோ குபோட்டா 1927இல் 5 ஏக்கர் சதுப்பு நிலம் வாங்கி, ஜப்பானியத் தோட்டக்கலையையும் அந்தப் பகுதி மரங்களையும் ஒன்றாக வளர்த்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சாவளி என்பதால் அவர் குடும்பத்தை மினிடோகா தடுப்பு முகாமில் அடைத்தார்கள். திரும்பி வந்து அதே மண்ணில் மறுபடி உழைத்தார். இன்று அது எல்லோருக்குமான தோட்டம். நாமும் செய்யலாமே?

தும்பி:
குபோட்டா மேல் எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அழகுக்காக ஜப்பானிலிருந்து வந்த இட்டாடோரி (ஜப்பானிய நாட்வீட்) என்ற செடியின் கதையையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் வேலை பார்த்த ஜெர்மன் மருத்துவர் சீபோல்ட் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். 1850இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போனது, அப்புறம் பிரிட்டன் முழுக்கப் பரவியது. விதையால் அல்ல, வேர்த்தண்டுத் துண்டுகளால். நான் அதைத் தோண்டியிருக்கிறேன். வெளியே கரும்பழுப்பு, ஒடித்தால் உள்ளே கேரட் நிறம். மண்வெட்டி பட்டதும் டக்கென்று ஒடியும். நகத்தளவு துண்டு மண்ணில் தங்கினாலும் துளிர்த்துவிடும். ஜப்பானியப் பாதியே வேண்டாம்.

நிழல்மரம்:
ஒரு செடியை வைத்து ஒரு நாட்டுச் செடிகளையே ஒதுக்குவது நியாயமில்லை. அதே இட்டாடோரி ஃபுஜி மலையின் எரிமலைச் சரிவில் முதலில் வேர்விட்டு, மற்ற செடிகளுக்கு மண்ணைப் பக்குவப்படுத்துகிறது. அங்கே அதைத் தின்னப் பூச்சிகள் இருக்கின்றன, ஐரோப்பாவுக்கு அவை கூட வரவில்லை. இதைவிட நல்ல பாடம் எது? இன்னொன்று: ஜப்பானியச் செடிகளுக்கும் கிழக்கு வட அமெரிக்கச் செடிகளுக்கும் உள்ள நெருக்கத்தை அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே 1859லேயே விளக்கினார். விட்ச் ஹேசல் என்ற புதர்ச்செடியை எடுங்கள். அமெரிக்க வகை இலையுதிர் காலத்தில் பூக்கும், ஜப்பானிய வகை குளிர்காலக் கடைசியில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டால் பிள்ளைகள் ஒரு வருடத்தில் புரிந்துகொள்வார்கள்.

தும்பி:
அந்த உறவுதான் எனக்குப் பயம். ஜப்பானியச் செஸ்ட்நட் என்ற கொட்டை மரத்தின் கன்றுகளோடு ஒரு பூஞ்சை வந்தது. 1904இல் நியூயார்க்கில் நோய் தெரிந்தது. ஜப்பானிய மரம் அதைத் தாங்கியது, அதன் அமெரிக்கச் சொந்தம் தாங்கவில்லை. அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கச் செஸ்ட்நட் நூற்றுக்கணக்கான கோடிக் கணக்கில் பட்டுப்போனது. நோய் நெருங்கிய சொந்தத்துக்குத்தான் எளிதில் தாவும்.

மண்வாசம்:
இரண்டு பேரும் ஜப்பான் என்றால் செடி என்றே பேசுகிறீர்கள். கோயில் தோப்புகளைப் பார்த்துக் காடு வளர்க்கும் முறையைக் கண்ட ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி, எந்த ஊரில் நட்டாலும் அந்த ஊர் மரத்தையே நடச் சொன்னார். நமக்கு வேண்டியது அந்தப் பார்வைதான். கல் வைக்கும் விதம், கிளை கழிக்கும் விதம், தூரத்து மலையைத் தோட்டத்துக்குள் சேர்த்துக் காட்டும் விதம், இவற்றை உள்ளூர்ச் செடிகளிலேயே கற்றுக்கொடுக்கலாம்.

வேர்பிடி:
இதை முழுக்க ஏற்க மாட்டேன். போன வாரம் தொட்டியில் இருந்த ஜப்பானிய மேப்பிள் இலையையும் ஓர் உள்ளூர் மர இலையையும் ஒரு சிறுமி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளூர் இலையில் பதினொரு ஓட்டை, மேப்பிளில் ஒன்றுகூட இல்லை. “இதை ஏன் புழு தின்னலை?” என்று கேட்டாள். இரண்டும் கையில் இருந்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது. ஜப்பானியப் பார்பெரி என்ற முள்புதரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். அதன் புதரில் உண்ணி பெருகுவதைக் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

தும்பி:
பார்பெரியை எடுத்தது நல்லது. மேப்பிள் இருக்கட்டும். ஆனால் மண்ணோடு வரும் கன்று இனி ஒன்றுகூட வேண்டாம், விதை போட்டு வளர்ப்போம். காய் பழுக்கும் பருவத்தில் வேலியைச் சுற்றி முளை தேடும் வேலையை நான் ஏற்கிறேன். அந்தச் சிறுமியையும் அனுப்புங்கள்.